மூன்று அடி, மூன்று அங்குலம், மூன்று நூல்

எங்கள் வீட்டுக் கூடத்தின் உள்ளளவு 20 அடிக்கு 16 அடி. தரைக்கு ‘ரெண்டுக்கு ரெண்டு’ டைல்ஸ் போடுவது என்று முடிவானதும், நீளவாக்கில் 10, அகலவாக்கில் 8, ஆக 80 கற்கள், பெட்டிக்கு 4 கற்கள் வீதம் 20 பெட்டிகள் என்று நானே கணக்குப் போட்டு, உடைசலுக்கென்று ஒரு பெட்டி சேர்த்து 21 பெட்டிகள் வாங்கி இறக்கினேன். வாசல் பக்கச் சுவரிலிருந்து கல் பதித்துக்கொண்டே போனவர்கள் எதிர்ச்சுவரை நெருங்கியபோது, பத்தாவது கல்லுக்கும் சுவருக்கும் நடுவே மூன்று அங்குல அகலத்துக்கு வெறும் தரை மிஞ்சி நின்றது. பக்கவாட்டிலும் அப்படியே, அங்கே ஏறத்தாழ இரண்டரை அங்குலம். சுவர் கோணலாக எழுப்பப்பட்டுவிட்டதோ என்று பதறி டேப்பைப் பிடித்து அளந்தால், கூடம் 20 அடிக்கு ஒரு நூல் கூடவுமில்லை, குறையவுமில்லை.

குறைந்தது கல். ‘ரெண்டுக்கு ரெண்டு’ என்று ஊரெல்லாம் அழைக்கப்படும் அந்தக் கல்லின் உண்மையான பக்கம் 600 மில்லிமீட்டர். இரண்டு அடி என்பது 609.6 மில்லிமீட்டர். கல்லுக்கு 9.6 மி.மீ. வீதம் பத்துக் கல்லுக்கு 96 மி.மீ. குறைகிறது. கல்லுக்குக் கல் விடும் 2 மி.மீ. இடைவெளிகள் பத்தும் சேர்ந்து அதில் 20 மி.மீட்டரை அடைத்துக்கொள்ள, மீதம் 76 மி.மீ., அதாவது மூன்று அங்குலம். பரப்பாகப் பார்த்தாலும் கணக்கு ஒத்துவருகிறது: கூடம் 320 சதுர அடி, நான் எண்ணி வாங்கிய 80 கற்கள் 310 சதுர அடி. உடைசலுக்கு வைத்திருந்த பெட்டியிலிருந்து மூன்று கற்களைக் கீற்றுக்கீற்றாக அறுத்து ஓரத்தை நிரப்பினார்கள். வேலை முடிந்தது என்றாலும், வீட்டுக்குள் நுழைகிறவர் கண்ணுக்கு நேரே அந்த மூன்று அங்குலக் கீற்று இன்றும் இருக்கிறது. தொடங்குவதற்கு முன்பே 600 என்பதை அறிந்திருந்தால், நடுவில் 9 முழுக் கற்களும் இரு ஓரங்களிலும் 338 மி.மீ. வெட்டுக் கற்களும் வரும்படி பிரித்திருக்கலாம். தரை இரண்டு பக்கமும் ஒன்றுபோல் அமைந்திருக்கும்.

இந்த நிகழ்ச்சிக்குப் பிறகுதான் அடி, அங்குலத்தை மீட்டருக்கும் மீட்டரை அடி, அங்குலத்துக்கும் மாற்றும் வேலையை நான் கவனமாகப் பார்க்கத் தொடங்கினேன். எந்த எண்ணால் பெருக்குவது என்பதைக் கைப்பேசியே சொல்லிவிடுகிறது. அதில் பிழை வருவது அரிது. பிழை வருவதெல்லாம் பெருக்கலுக்கு முன்னால் அல்லது பின்னால். முன்னால் வரும் பிழைகளில் முதன்மையானது, கையில் இருக்கும் எண் ஓர் அளவா அல்லது வெறும் பெயரா என்று கேட்காமல் விடுவது. ‘ரெண்டுக்கு ரெண்டு’ என்பது அந்தக் கல்லின் பெயர். அதை அளவென்று எடுத்துக்கொண்டது என் தவறு.

கட்டட வேலை நடக்கும் இடத்தில் இப்படிப்பட்ட பெயர்கள் நிறைய உண்டு. ‘எட்டுக்கு நாலு’ பிளைவுட் பலகை 2440 மி.மீட்டருக்கு 1220 மி.மீ.; இங்கே கதை தலைகீழ், எட்டு அடியைவிடப் பலகை 1.6 மி.மீ. நீளம். ‘ஆறு நூல் பலகை’ (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல்) என்று கேட்டால் கடையில் எடுத்துத் தருவது 18 மி.மீ. கனமுள்ளது; உண்மையில் ஆறு நூல் என்பது 19.05 மி.மீ. ‘மூணு நூல் கம்பி’ என்றால் 10 மி.மீ. கம்பி, ‘நாலு நூல்’ என்றால் 12 மி.மீ., ‘அஞ்சு நூல்’ என்றால் 16 மி.மீ. மூன்று நூலின் சரியான மதிப்பு 9.525 மி.மீ., நான்கு நூலின் மதிப்பு 12.7 மி.மீ., ஐந்து நூலின் மதிப்பு 15.875 மி.மீ. என்பதால், பெயருக்கும் பொருளுக்கும் இடையே ஒரு சமயம் கூடியும் ஒரு சமயம் குறைந்தும் வருகிறது. குழாயில் இந்த இடைவெளி இன்னும் பெரியது. ‘அரை இஞ்ச்’ இரும்புக் குழாயின் வெளிவிட்டம் சுமார் 21.3 மி.மீ.; அரை அங்குலமோ 12.7 மி.மீ. அந்தக் குழாயை எந்தப் பக்கம் அளந்தாலும் அரை அங்குலம் கிடைக்காது. தண்ணீர்க் குழாய் மரைகள் (திருகுச் சுற்றுகள்) உலகின் பெரும்பகுதியில் அங்குலத்துக்கு இத்தனை சுற்று என்ற பழைய பிரிட்டிஷ் கணக்கிலேயே நிலைத்துவிட்டன. அரை அங்குல மரைக்கு அங்குலத்துக்கு 14 சுற்று. மீட்டரைப் பெற்றெடுத்த பிரான்சிலும் குழாய் மரை இதுதான். ஆகவே குழாய் வாங்கும்போது எதையும் எதற்கும் மாற்றக் கூடாது. கடைக்காரர் சொல்லும் பெயரை அப்படியே சொல்லி வாங்குவதே சரி.

நூலைப் பற்றி இன்னும் ஒரு வரி. நகரத்தில் வளர்ந்த இளையவர்கள் பலருக்கு இது தெரிந்திருக்காது. ஓர் அங்குலத்தை எட்டாகப் பகுத்தால் ஒரு பங்கு ஒரு நூல், 3.175 மி.மீ. டேப்பில் அதையும் பாதியாக்கி அரை நூல் கோடு போட்டிருப்பார்கள். தச்சரும் கொத்தனாரும் நூலைக் கைவிடாததற்கு நல்ல காரணம் உண்டு. பட்டறையில் அதிகம் நடப்பது பாதியாக்கும் வேலை: பலகையின் நடுவைக் குறிப்பது, கீல் வைக்கும் இடத்தைப் பிரிப்பது, இரு பக்கமும் சமமாக விடுவது. அங்குலத்தில் பாதி நான்கு நூல், அதில் பாதி இரண்டு, அதில் பாதி ஒன்று. மூன்று முறை பாதியாக்கியும் முழு எண்ணே நிற்கிறது. 25 மி.மீட்டரைப் பாதியாக்கினால் முதல் அடியிலேயே பன்னிரண்டரை வந்துவிடுகிறது. அதே சமயம், கூட்டலும் கழித்தலும் பெருக்கலும் வந்தால் மில்லிமீட்டர்தான் எளிது; 4 அடி 7 அங்குலம் 5 நூலிலிருந்து 1 அடி 9 அங்குலம் 6 நூலைக் கழிப்பதற்குள் 1412.9-லிருந்து 552.5-ஐக் கழித்து முடித்துவிடலாம். எந்த வேலைக்கு எது வசதியோ அதைத் தொழிலாளர்கள் பிடித்து வைத்திருக்கிறார்கள். அவர்கள் இன்னும் அங்குலத்தில் பேசுவதைப் படிப்பின்மை என்று நினைக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

எங்கள் வீட்டு மரவேலையைச் செய்த ஆசாரி அறுபதைத் தாண்டியவர். திருநெல்வேலிப் பக்கத்து வழக்கப்படி அவரை அண்ணாச்சி என்றே அழைப்போம். சமையலறை அலமாரிக்கு நான் கொடுத்த வரைபடம் முழுவதும் மில்லிமீட்டரில் இருந்தது. முதல் எண் 560. அவர் கணக்குப் போடவில்லை; டேப்பை இழுத்து, கீழ் விளிம்பில் 560-ல் நகத்தை வைத்து, மேல் விளிம்பைப் பார்த்து, “இருபத்திரெண்டு இஞ்சு, அரை நூலுக்கு உள்ள கூட” என்றார். பிறகு நான் கைப்பேசியில் வகுத்துப் பார்த்தேன்: 22.047 அங்குலம். அந்தப் .047 அங்குலம் அரை நூலுக்குச் சற்றுக் குறைவு. “மீட்டர் கணக்குக்கு டேப்பு இல்லாத நேரத்துல என்ன செய்வீங்க அண்ணாச்சி?” என்று கேட்டதற்கு, “ஒரு மீட்டர்னா மூணு அடி, மூணு இஞ்சு, மூணு நூலு. இது ஒண்ணு போதும் தம்பி” என்றார்.

அன்றிரவு அதைச் சரிபார்த்தேன். மூன்று அடி 914.4 மி.மீ.; மூன்று அங்குலம் 76.2 மி.மீ.; மூன்று நூல் 9.525 மி.மீ. கூட்டினால் 1000.125 மி.மீ. ஒரு மீட்டருக்கு வரும் வேறுபாடு ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. எழுதும் தாளின் கனத்துக்குச் சற்றே கூடுதல். பத்து மீட்டர் வேண்டுமானால் 30 அடி, 30 அங்குலம், 30 நூல். அதைச் சுருக்கினால் 32 அடி 9 அங்குலம் 6 நூல். பத்து மீட்டருக்கும் தவறு ஒன்றேகால் மில்லிமீட்டர்தான். டேப்பின் வளைவும் பிடிக்கும் கையின் நடுக்கமும் இதைவிடப் பெரிய வேறுபாட்டைத் தந்துவிடும். பள்ளியில் நாங்கள் மனப்பாடம் செய்த ‘ஒரு மீட்டர் 3.28 அடி’ என்ற வாய்பாட்டைவிட இது துல்லியமானது, 3.28 அடி என்பது 999.74 மி.மீ.தான். அது போக, 3.28 என்ற எண்ணை டேப்பில் எங்கே தேடுவது? மூன்று, மூன்று, மூன்று என்பதை டேப்பில் நேரே விரல் வைத்துக் காட்டிவிடலாம்.

அங்குலம் என்றால் 25.4 மில்லிமீட்டர் என்பது ஏறத்தாழச் சொல்வது என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன். தசமப் புள்ளிக்குப் பின் இன்னும் பல இலக்கங்கள் இருக்கும், நம் வசதிக்காக ஒன்றோடு நிறுத்தியிருக்கிறார்கள் என்று. அது தவறு. 25.4-க்குப் பின்னால் எதுவும் இல்லை. ஒரு காலத்தில் இருந்தது. அமெரிக்கா 1893-ல் ஒரு மீட்டர் 39.37 அங்குலம் என்று வரையறுத்ததால் அமெரிக்க அங்குலம் 25.40005 மி.மீட்டராகவும், லண்டனில் காக்கப்பட்ட கஜக்கோலிலிருந்து வந்த பிரிட்டிஷ் அங்குலம் 25.39998 மி.மீட்டராகவும் இருந்தன. நுட்பமான இயந்திரப் பாகங்களைச் செய்கிறவர்களுக்கு இந்த இரட்டை அங்குலம் பெருந்தொல்லை. சுவீடனைச் சேர்ந்த கார்ல் எட்வர்ட் யோஹான்சன் தாம் செய்து விற்ற அளவுக் கட்டைகளில் இரண்டுக்கும் நடுவே 25.4 என்று வைத்துக்கொண்டார். தொழிற்சாலைகள் அதையே பின்பற்றின. கடைசியில் 1959-ல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஆறு நாடுகளும் ஒரு கஜம் (மூன்று அடி) 0.9144 மீட்டர் என்று ஒப்புக்கொண்டன. அதிலிருந்து அடி சரியாக 0.3048 மீட்டர், அங்குலம் சரியாக 25.4 மில்லிமீட்டர். நில அளவைக்கு மட்டும் அமெரிக்கா தன் பழைய அடியை 2022 முடியும்வரை விடாமல் வைத்திருந்தது. ஒரு மைலுக்கு அது 3 மி.மீ. அளவுக்கே வேறுபடும் என்றாலும், பல நூறு மைல் தொலைவிலுள்ள தொடக்கப் புள்ளியிலிருந்து எண்ணப்படும் வரைபடங்களில் அது மீட்டர் கணக்கில் போய் நிற்கும்.

இதில் எனக்குப் பிடித்த செய்தி, அங்குலத்துக்கென்று இன்று தனியாக ஒரு மூலக்கோல் இல்லை என்பது. மீட்டர் எதுவோ அதில் ஒரு பங்குதான் அங்குலம்; மீட்டரோ, 1983 முதல், வெற்றிடத்தில் ஒளி ஒரு நொடியின் 29,97,92,458-ல் ஒரு பங்கு நேரத்தில் கடக்கும் தொலைவு. அங்குலத்தில் பேசும் ஆசாரியும் அறியாமலே மெட்ரிக் முறையில்தான் அளக்கிறார். இரண்டு முறைகளுக்கும் நடுவே இயற்கையாக எந்த இழப்பும் இல்லை. இழப்பு வந்தால் அது நாம் செய்த சுருக்கலால் வந்தது.

சுருக்கல்களில் மிகப் பரவலானது ‘ஒரு அடி என்றால் முப்பது சென்டிமீட்டர்’ என்பது. பள்ளி அளவுகோலில் ஒரு பக்கம் 30-ம் மறுபக்கம் 12-ம் இருப்பதைப் பார்த்துப் பழகிய கண் நமக்கு. அந்தக் கோலைக் கூர்ந்து பார்த்தால் 12 அங்குலக் கோடு 30 செ.மீ. கோட்டைத் தாண்டி நிற்பது தெரியும். அந்தத் தாண்டல் 4.8 மி.மீ. பென்சில் பெட்டிக்குள் அது பொருட்டில்லை. 40 அடிக்கு 60 அடி கொண்ட ஒரு கிரவுண்டு மனையை 12 மீட்டருக்கு 18 மீட்டர் என்று எழுதினால், 222.97 சதுர மீட்டராக இருக்க வேண்டியது 216 ஆகிவிடுகிறது. போனது 75 சதுர அடி. நீளத்தில் நூற்றுக்கு ஒன்றரை என்று தோன்றிய தவறு, பரப்பில் நூற்றுக்கு மூன்றைத் தாண்டுகிறது. எதிர்த் திசையிலும் இதே ஆபத்து உண்டு. அனுமதி வரைபடத்தில் பக்கவாட்டில் 1 மீட்டர் இடம் விட வேண்டும் என்று இருந்தால், அதைத் தளத்தில் ‘மூணு அடி’ என்று சொல்லிவிடுகிறார்கள். மூன்று அடி விட்டுக் கடைக்கால் தோண்டினால் 85.6 மி.மீ. குறைகிறது. அடித்தளம் எழும்பிய பிறகு அந்த மூன்று அங்குலம் மூன்று நூலை எங்கிருந்து கொண்டுவருவது? அண்ணாச்சியின் மூன்று, மூன்று, மூன்று அங்கே சொல்லப்பட்டிருந்தால் போதும்.

வரைபடம் மீட்டரில் இருக்க, வீட்டுக்காரர் அடியில் உறுதியாக நிற்கும் இன்னொரு இடம் மனையடிக் கணக்கு. அறையின் உள்ளளவு 11 அடி என்றால் நல்லது, 12 அடி ஆகாது என்று ஒவ்வோர் அடிக்கும் ஒரு பலன் சொல்லப்படுவதால், எங்கள் அம்மா படுக்கையறை சரியாக 11 அடி இருக்க வேண்டும் என்றார். வரைந்தவர் அதை 3.30 மீட்டர் என்று போட்டிருந்தார். 3.30 மீட்டர் என்பது 10 அடி 9 அங்குலம் 7 நூல். 11 அடி வேண்டுமானால் 3.353 மீட்டர் என்று எழுத வேண்டும். அதில் நம்பிக்கை உள்ளவர், இல்லாதவர் என்ற கேள்வி இங்கே எழவே இல்லை. ஒருவர் 11 அடி கேட்டால் அவருக்கு 11 அடி கிடைக்க வேண்டும். பூச்சு வேலை முடிந்த பிறகு உள்ளே நிற்கும் அளவுதான் அவர் கேட்டது என்பதால், இருபுறப் பூச்சுக்கும் 12 மி.மீ. வீதம் சேர்த்துச் செங்கல் சுவர்களுக்கு இடையே 3.377 மீட்டர் விடச் சொன்னோம். வீடு முடிந்து டேப்பைப் பிடித்தபோது 11 அடி ஒரு நூல் இருந்தது. அம்மா ஒரு நூலை மன்னித்தார்.

இப்படிப் பல அறைகளுக்குச் செய்து பழகியதில் எனக்கென்று ஒரு முறை அமைந்தது. அடி, அங்குலம், நூலில் வரும் எதையும் முதலில் மில்லிமீட்டராக்கி விடுவேன். கூட்டல், கழித்தல், பங்கீடு எல்லாம் அதிலேயே. தளத்தில் சொல்ல வேண்டியதை மட்டும் கடைசியில் ஒரே ஒரு முறை அடிக்குத் திருப்புவேன். நடுநடுவே சுருக்கக் கூடாது என்பதில் கண்டிப்பாக இருக்கிறேன். ஒவ்வொரு படியிலும் அரை மில்லிமீட்டர் தள்ளினால், பத்துத் தட்டு கொண்ட அலமாரியில் கடைசித் தட்டு உட்காராது. திருப்பும்போது கவனம் தேவைப்படும் இடம் ஒன்று உண்டு. 3.47 மீட்டரை 0.3048-ஆல் வகுத்தால் 11.3845 வருகிறது. இதில் 11 மட்டுமே அடி. மீதமுள்ள .3845-ஐ 12-ஆல் பெருக்கினால் 4.614, அதில் 4 அங்குலம். மீதமுள்ள .614-ஐ 8-ஆல் பெருக்கினால் 4.9, அதை 5 நூல் எனலாம். ஆக 11 அடி 4 அங்குலம் 5 நூல். திரும்பக் கூட்டிப் பார்த்தால் 3470.3 மி.மீ. வருகிறது. கைப்பேசி காட்டும் 11.38-ஐப் பார்த்துப் ‘பதினோரு அடி மூணு இஞ்சு’ என்று கூவிவிடுகிறவர்களை நான் தளத்தில் பார்த்திருக்கிறேன்.

அடிக்கும் புள்ளிக்கும் உள்ள இந்தப் பகை, வீட்டு வேலையைவிட நிலத்தில்தான் பெரிய சேதம் செய்கிறது.

நிலத்தின் பழைய அளவுகளைப் பற்றி ஒரு சொல். பழைய புலப்படங்களில் (நில அளவை வரைபடங்களில்) எல்லைக்கோட்டின் மேல் 250 என்று மட்டும் எழுதியிருக்கும். அது அடியும் அன்று, மீட்டரும் அன்று, லிங்க், அதாவது அளவைச் சங்கிலியின் ஒரு கண்ணி. 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் எட்மண்ட் குன்டர் வகுத்த சங்கிலி 66 அடி நீளமுள்ளது. அதில் 100 கண்ணிகள். ஒரு கண்ணி 7.92 அங்குலம், 0.201168 மீட்டர். பார்க்க வினோதமான எண்ணாக இருந்தாலும் அதன் பின்னால் அழகான கணக்கு இருக்கிறது: பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர், ஆயிரம் சதுரக் கண்ணி ஒரு சென்ட். நாம் இன்றும் நாவில் வைத்திருக்கும் சென்ட் அந்தச் சங்கிலியிலிருந்து வந்தது. ஆனால் பின்னாளில் வந்த மெட்ரிக் சங்கிலியில் 20 மீட்டருக்கு 100 கண்ணி என்பதால், கண்ணி என்றால் 20 சென்டிமீட்டர் என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். பழைய படத்தில் 250 லிங்க் என்பது 50.292 மீட்டர், சரியாக 165 அடி. அதை 50 மீட்டர் என்று கொண்டால் ஒரு பக்கத்தில் மட்டும் பதினொன்றரை அங்குலம் போகிறது. வரப்புச் சண்டைக்கு அது தாராளம். அளப்பதில் எவ்வளவு பொறுப்பு வேண்டும் என்பதற்கு நம் மண்ணிலேயே ஒரு சான்று உண்டு: 1802 ஏப்ரலில் சென்னைப் பரங்கிமலை அருகே நில அளவையாளர் வில்லியம் லாம்ப்டன் ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டை (மற்ற அளவுகளுக்கெல்லாம் ஆதாரமான கோட்டை) அளக்கத் தொடங்கியபோது, 100 அடி எஃகுச் சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, வெயிலில் அது எவ்வளவு நீளும் என்பதைக் கணக்கில் கொள்ள வெப்பமானி வைத்து அளந்தார். இந்தியா முழுவதையும் அளந்த பெரும்பணி அந்தக் கோட்டிலிருந்து கிளம்பியது.

எங்கள் மனைக்கு வருகிறேன். தாத்தா 1978-ல் வாங்கிய கிரயப் பத்திரத்தில், கிழமேல் வடபுறம் முப்பத்திரண்டு அடி பதினோரு அங்குலம், தென்வடல் ஐம்பத்தெட்டு அடி என்று எழுத்தால் எழுதியிருக்கிறது. மெட்ரிக் முறைக்கான சட்டம் 1956-லேயே வந்துவிட்டது என்றாலும், மனை அளவு அன்றும் அடிதான், பேச்சில் இன்றும் அடிதான். பிறகு சகோதரர்களுக்குள் பாகப்பிரிவினை ஆனபோது புதுப் பத்திரத்தைத் தட்டச்சு செய்தவர், சுருக்கமாக ‘32.11 அடி’ என்று அடித்திருக்கிறார். எழுதியவருக்கு அது 32 அடி 11 அங்குலம். வாசித்த எங்களுக்கும் அப்படியே. வீடு கட்ட வரைபடம் போட்டவரோ அதை உள்ளபடி ஓர் எண்ணாகக் கணினியில் இட்டார், 32.11 பெருக்கல் 0.3048, விடை 9.79 மீட்டர். கணினிக்குப் புள்ளி என்றால் பத்தில் பங்கு. பன்னிரண்டில் பங்கு என்று அதற்கு யார் சொல்வது? உண்மையான நீளம் 10.03 மீட்டர். வேறுபாடு 24.6 சென்டிமீட்டர், ஒன்பதரை அங்குலத்துக்கும் மேல். வடபுறத்தில் மட்டும் நேர்ந்த பிழை என்பதால், 58 அடி நீளத்துக்கு அது முக்கோணமாக ஏறத்தாழ 23 சதுர அடி.

தென்புற அளவு ‘32.6’ என்று இருந்தது. அதில் வேறுபாடு ஒன்றேகால் அங்குலத்துக்குள் அடங்கிவிட்டதால் யார் கண்ணிலும் படவில்லை. ஆறு அங்குலம் அரை அடி, .6 என்பதும் அரைக்குப் பக்கம். அதனால் அந்த எண் பார்வைக்கு நியாயமாகவே நிற்கிறது. 32.11-தான் எங்களைக் காப்பாற்றியது என்று சொல்ல வேண்டும். வரைபடத்தில் வடபுறம் தென்புறத்தைவிடச் சிறியதாக, மனை மேலே குறுகிக் கீழே விரிந்து நிற்பதைப் பார்த்த அம்மா, “நம்ம மனை வடக்கதான்ப்பா அகலம், இது என்ன மாத்தி வரைஞ்சிருக்கு?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பிறகே மரப்பெட்டியிலிருந்து 1978 பத்திரத்தை எடுத்து ஒப்பிட்டோம். அதற்குள் அந்த வரைபடத்தை வைத்து அனுமதி வாங்கியிருந்தால், சொந்த மண்ணில் கால் மீட்டரைப் பக்கத்து மனையோடு விட்டுவிட்டு வீடு கட்டியிருப்போம். பின்னொரு நாள் அதைக் கேட்கப் போனால், எங்கள் வரைபடமே எங்களுக்கு எதிரான சாட்சியாகியிருக்கும். பத்திரத்தைத் தட்டச்சு செய்தவர் மீது எனக்குக் கோபம் உண்டு. ஊரார் நிலத்தை எழுத்தில் வைக்கிற தொழிலில் இருப்பவர், அடிக்கும் அங்குலத்துக்கும் நடுவே புள்ளி வைக்கக் கூடாது. அடி என்ற சொல்லையும் அங்குலம் என்ற சொல்லையும் முழுமையாக எழுத ஆகும் நேரம் எவ்வளவு?

மூலைக்கற்கள் நான்கும் நல்ல வேளையாக அசையாமல் இருந்தன. அளவையர் வந்து, பக்கத்து மனைக்காரரையும் உடன் நிற்கச் சொல்லி, கல்லுக்குக் கல் நாடாவை இழுத்துப் பிடித்தார். வடபுறம் 10.03 மீட்டர், தென்புறம் 9.91 மீட்டர். பக்கத்து மனைக்காரர் குனிந்து நாடாவில் எண்ணைப் பார்த்துத் தலையசைத்தார். அதன் பிறகு அம்மா பெயரிலிருந்து எங்கள் பெயருக்கு எழுதிய பத்திரத்தில் ஒவ்வோர் எல்லைக்கும் அடி, அங்குலம் எழுத்தாலும், அதை அடுத்து மீட்டர் எண்ணாலும் எழுதச் சொன்னோம். இரண்டில் எது வேண்டும் என்று எழுதுகிறவர் கேட்டார். இரண்டும் வேண்டும் என்றேன். கையெழுத்துப் போடுவதற்கு முன் அம்மா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அந்த வரியின் மேல் விரலை ஓட்டி, வாய்விட்டுப் படித்தார்: கிழமேல் வடபுறம் முப்பத்திரண்டு அடி, பதினோரு அங்குலம்.